ஐ.நா. அட்டை செல்லுமா, செல்லாதா?

கேள்வி கேட்டவர் டெல்லி ஜங்புராவில் சொந்த வீடு உள்ள தமிழர். மொட்டை மாடியை ஒட்டிய இரண்டு அறைகளில் நான்கு வருடமாக ஒரு ஆப்கன் குடும்பம் குடியிருக்கிறது. 2021 கடைசியில் விசாவில் வந்தவர்கள், விசா எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த அட்டை மட்டும். புதுச் சட்டம் வந்திருக்கிறது, வீட்டுக்காரன் மேலேயும் கேஸ் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தியிருக்கிறார். "அந்த அட்டை இந்தியாவில் செல்லுமா? காலி பண்ணச் சொல்லிவிடட்டுமா? நம் இலங்கைத் தமிழர்களுக்கு முகாம், உதவித்தொகை எல்லாம் இருக்கிறதே, இவர்களுக்கு ஏன் எதுவும் இல்லை?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அந்த வீட்டுச் சின்னப் பெண் தன் அம்மாவைப் பாட்டி என்று கூப்பிடுகிறாள், அம்மாவுக்கு அவர்களை அனுப்ப மனசில்லை.

அட்டையைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும் நீங்கள் கேட்பது இரண்டு விஷயம். அவர்கள் இங்கே இருப்பது சட்டப்படி சரியா என்பது ஒன்று. அவர்களை வைத்திருப்பதால் உங்களுக்கு வம்பு வருமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் வயிறு கலங்குகிறது. இரண்டாவதற்குப் பதில் சுலபம், கடைசியில் சொல்கிறேன். முதலாவதுதான் நீளம். நான் 16 வருடமாக டெல்லியில் வக்கீல், கையில் வருவதில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட வழக்குகள். உங்கள் குடித்தனக்காரரின் காகிதங்களைப் பார்க்காமல் அவர்களுக்கு என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்ல மாட்டேன். எந்தக் காகிதம் யாரிடம் செல்லும், எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் சந்தேகமே இல்லாதவை. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்துப் போடவில்லை, 1967இல் அதோடு சேர்ந்த நெறிமுறையிலும் போடவில்லை. நமக்கென்று தனியாக அகதிகள் சட்டமும் கிடையாது. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையில் 1990களில் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள், 2015இல் சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், இரண்டும் கரை சேரவில்லை. அதனால் சட்டத்தின் கண்ணுக்கு இந்தியக் குடிமகன் இல்லாத எல்லாரும் 'வெளிநாட்டவர்', அவ்வளவுதான். குதுப்மினார் பார்க்க வந்த ஜெர்மன்காரர், குருகிராமில் கம்பெனி நடத்தும் கொரியாக்காரர், காபூலிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்த உங்கள் குடித்தனக்காரர், எல்லாரும் ஒரே வரிசை. 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன புதுச் சட்டம் இதுதான். செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விசாவில் வந்து காலம் முடிந்தும் தங்கினால் 3 வருடம் வரை, 3 லட்சம் வரை. உங்கள் குடித்தனக்காரர்கள் விசாவில் வந்தவர்கள் என்பதால் பேச்சு இரண்டாவதைப் பற்றி. 'நான் வெளிநாட்டவன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த ஆளின் தலையில்தான், அது பழைய சட்டத்திலும் அப்படியே, புதியதிலும் அப்படியே.

ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். 1951 உடன்படிக்கை முதலில் எழுதப்பட்டது, 1951 ஜனவரிக்கு முன் நடந்தவற்றால், முக்கியமாக ஐரோப்பாவில், அகதியானவர்களை மனதில் வைத்து. பிரிவினையில் இந்தப் பக்கம் வந்த லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அவர்களுக்கு நம் அரசாங்கமே இடம் கொடுத்தது, மனை போட்டுக் கொடுத்தது. நீங்கள் காய்கறி வாங்கப் போகும் லாஜ்பத் நகரே அப்படி உருவான அகதிக் குடியிருப்புதான். இன்று அதே லாஜ்பத் நகரில் ஆப்கன்காரர்கள் நான் ரொட்டி சுட்டு விற்கிறார்கள், அவர்களுக்கு மனையும் இல்லை, சட்டமும் இல்லை.

சரி, அட்டைக்கு வருவோம். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1981 முதல் டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கிறது, இப்போது வசந்த் விஹாரில். ஆப்கானிஸ்தான், மியான்மர், சோமாலியா போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள் அங்கே பதிவு செய்துகொள்ளலாம். பதிந்ததும், உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். அப்புறம் நேர்காணல். இனம், மதம், நாடு, ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து, இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றின் காரணமாக ஊரில் தனக்குக் கொடுமை நடக்கும் என்ற நியாயமான அச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கிறது என்று முடிவானால்தான் அகதி அட்டை. உங்கள் குடித்தனக்காரரிடம் இருப்பது சான்றிதழா அட்டையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. வறுமைக்காக வந்தவர், நல்ல வேலை தேடி வந்தவர் இந்த வரையறைக்குள் வர மாட்டார். அது கல்நெஞ்சமாகத் தோன்றலாம், ஆனால் வரையறை அப்படித்தான்.

அந்த அலுவலகம் இயங்க அரசாங்கம் அனுமதித்திருக்கிறது, ஆனால் அது கொடுக்கும் அட்டையை மதித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அதனால் அந்த அட்டையின் மதிப்பு, அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. இதை நான் ஒரே இரவில் கண்ணால் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன், ஜனவரிக் குளிர், தெற்கு டெல்லியில் ஒரு காவல் நிலையம். என் கட்சிக்காரர் தந்தூர் அடுப்பில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையன், கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. ஹெட் கான்ஸ்டபிள் அவன் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார், டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இது என்ன, புது மாதிரி ஆதாரா?" என்றார். ஐ.நா. என்றேன். "எந்த எம்பசி?" என்றார். என் இந்தி ஆர்.கே. புரத்து இந்தி, இலக்கணம் அப்படி இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த வரை விளக்கினேன், அவர் ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் முடிந்து உள்ளே வந்த ஒரு எஸ்.ஐ., முன்பு ஆப்கன்காரர்கள் நிறைய இருக்கும் போகல் பகுதியில் பீட் பார்த்தவராம், அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யு.என். கார்டு, விடுப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிட இடைவெளி, ஒரே அட்டை, ஒரே பையன்.

காவல் நிலையம் மட்டும் இல்லை. வங்கியில் ஆதார் கேட்பார்கள். செல்லுபடியாகும் விசாவோ நீண்ட கால விசாவோ இல்லாத அகதிக்கு ஆதார் கிடைக்காது, அட்டையைக் காட்டினாலும் கிடைக்காது. ஆதார் இல்லை என்றால் கணக்கு இல்லை, சிம் யாரோ ஒருவர் பெயரில், சம்பளம் கையில் ரொக்கம், முதலாளி பாதி கொடுத்தால் எங்கே போய்க் கேட்பது? பள்ளிக்கூடம் கொஞ்சம் பரவாயில்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தையையும் சொல்கிறது, குடிமகனின் குழந்தை என்று சொல்லவில்லை. மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாக் குழந்தைகள் பற்றிய வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முதலில் அரசுப் பள்ளியில் போய்க் கேளுங்கள், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. உங்கள் அம்மாவைப் பாட்டி என்று கூப்பிடும் பெண் பள்ளிக்குப் போகவில்லை என்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள். சேர்க்கைக்கு ஆதார் இல்லாதது ஒரு காரணமே இல்லை.

காகிதம் என்று வரும்போது உங்கள் ஏரியாவிலேயே இன்னொரு கதை இருக்கிறது. தமிழர்கள் குடியிருந்த குடிசைப் பகுதியான ஜங்புரா மதராஸி கேம்ப்பை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். ஓட்டர் ஐடி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வைத்திருந்த நம் ஆட்கள். சுமார் 370 குடும்பங்களில் 189தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றது கணக்கு, அதுவும் டெல்லியின் வடகோடி நரேலாவில். எல்லாக் காகிதமும் உள்ள குடிமகன் நிலையே அது. விசா முடிந்த வெளிநாட்டவர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த நூலைக் கொஞ்சம் தடிமனாக்கும் வழி ஒன்று உண்டு, பலருக்கு அது தெரியாது. உள்துறை அமைச்சகம் 2011 டிசம்பர் 29 அன்று மாநிலங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு அனுப்பியது, 2019இல் அதைத் திருத்தினார்கள். அகதி என்று சொல்லிக்கொள்ளும் வெளிநாட்டவரின் அச்சம் மேலோட்டமாகப் பார்க்க நியாயமானது என்று தெரிந்தால், பாதுகாப்புச் சோதனை முடிந்தபின் நீண்ட கால விசாவுக்குச் சிபாரிசு செய்யலாம். எல்.டி.வி. என்பார்கள். அது கிடைத்தால் தனியார் வேலைக்குப் போகலாம், கல்லூரியில் சேரலாம், ஆதாருக்கும் வழி திறக்கும். இதில் ஒரு வேடிக்கை: உலக உடன்படிக்கையில் உள்ள ஐந்து காரணங்களோடு பாலினம், இன அடையாளம் என்று இரண்டை நம் குறிப்பு சேர்த்திருக்கிறது. காகிதத்தில் அந்த உடன்படிக்கையை விடத் தாராளம். ஆனால் அது துறைக்குள் போன உத்தரவு, 'செய்யலாம்' என்று இருக்கிறதே தவிர 'செய்ய வேண்டும்' என்று இல்லை. விண்ணப்பம் போவது வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகத்துக்கு, மலை மந்திர் போகும்போது ஆர்.கே. புரம் செக்டர் ஒன்றில் பார்த்திருப்பீர்கள். வருகிற போகிற முருக பக்தர்கள் யாருக்கும் அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். அந்தக் குடும்பத்தின் மதம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாதது மரியாதை, ஆனால் சட்டம் கேட்கிறது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில், புதுச் சட்டத்தோடு, ஒரு விலக்கு உத்தரவும் வந்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து மதக் கொடுமைக்கு அஞ்சி 2024 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரிடம் காகிதம் இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்றாலும் மேலே சொன்ன தண்டனைகள் பாயாது. இது தண்டனையிலிருந்து விலக்கு மட்டும், குடியுரிமை தரவில்லை. குடியுரிமை என்றால் 2019 திருத்தச் சட்டம், அதற்கு 2014 டிசம்பர் 31க்குள் வந்திருக்க வேண்டும், இவர்கள் 2021இல் வந்தவர்கள். ஆக உங்கள் மாடியில் இருப்பது சீக்கியக் குடும்பம் என்றால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். ஹசாரா என்ற ஷியா முஸ்லிம் பிரிவுக் குடும்பம் என்றால், தாலிபானிடம் அவர்கள் பட்டது எவ்வளவு கொடுமையானாலும், இந்த உத்தரவில் அவர்கள் பெயர் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது என் அபிப்பிராயத்தை இல்லையே.

நீதிமன்றம் என்ன சொல்கிறது? இங்கேதான் உறுதி முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. 1996இல் அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாகத் தங்கிய சக்மா மக்கள் வழக்கில், அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் 21இல் அடங்கும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் ஒரு இராக்கியர் வழக்கில் போனது. 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம், தண்டனை முடிந்த இரண்டு மியான்மர் அகதிகளை அனுப்பும் முன் அவர்கள் தரப்பைக் கேட்கச் சொன்னது. 2021இல் மணிப்பூர் உயர் நீதிமன்றம், எல்லை தாண்டி வந்த ஏழு மியான்மர்க்காரர்கள் டெல்லிக்கு வந்து ஐ.நா. அலுவலகத்தை அணுகப் பாதுகாப்பாக வழி விடச் சொன்னது. இவை எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே 2021 ஏப்ரலில் முகமது சலிமுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவும் 21ஆம் பிரிவும் எல்லாருக்கும் உண்டு, ஆனால் நாட்டை விட்டு அனுப்பப்படாமல் இருக்கும் உரிமை 19ஆம் பிரிவில் உள்ள வசிக்கும் உரிமையோடு ஒட்டியது, அது குடிமகனுக்கு மட்டும்தான் என்றது. முறைப்படி நடைமுறையைப் பின்பற்றினால் ஜம்முவில் பிடிபட்ட ரோஹிங்கியாக்களை அனுப்பலாம் என்றது. 2025 மே மாதம் டெல்லியில் இருந்த ரோஹிங்கியாக்களை அனுப்புவதை நிறுத்தவும் மறுத்தது. அந்த மாதமே, டெல்லியில் பிடித்தவர்களைக் கப்பலில் கொண்டுபோய்க் கடலில் இறக்கிவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது, ஐ.நா. நிபுணர் ஒருவர் விசாரணை தொடங்கினார், நீதிமன்றம் அந்தக் கதையை நம்பவில்லை.

ஆக, அட்டை இருப்பதால் அனுப்ப மாட்டார்கள் என்று எந்த வக்கீலாவது உறுதி சொன்னால் அவருக்குப் பீஸ் கொடுக்காதீர்கள். நாளைக்கே பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஆப்கன்காரர்களைப் பொறுத்தவரை பிடித்து அனுப்புவதை விடப் பதிவும் நோட்டீஸும் அலைச்சலும்தான் என் அனுபவத்தில் அதிகம். ஆனால் அனுபவம் சட்டம் ஆகாது.

இலங்கைத் தமிழர் பற்றிய கேள்விக்கு: இந்தியாவில் இரண்டு தனித்தனி வாசல். இலங்கைத் தமிழர்களையும் திபெத்தியர்களையும் அரசாங்கமே நேரடியாகக் கவனிக்கிறது, மற்றவர்களை ஐ.நா. அலுவலகத்திடம் விட்டுவிட்டது. 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களில் சுமார் 58,000 பேர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் மாநில அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, வீடு கட்டித் தர, உதவித்தொகை கூட்ட 317 கோடி அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லவே இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு மதுரைக் கிளையில் வழக்குப் போட்டுப் பாஸ்போர்ட் வாங்கினார், 2024இல் ஓட்டும் போட்டார். இரண்டு வருடம் கழித்துப் பிறந்திருந்தால் அது நடந்திருக்காது. 2025 விலக்கு உத்தரவிலும் இலங்கைத் தமிழர் உண்டு, ஆனால் பதிவு செய்துகொண்டு 2015 ஜனவரி 9க்குள் வந்தவர்கள் மட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரிச்சல்முனைக் கரையில் வந்து இறங்கியவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே. இந்தியா என்ன தர்ம சத்திரமா என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு கேட்டதே, அந்த வழக்கில் நின்றவரும் ஒரு இலங்கைத் தமிழர்தான்.

நேர்காணலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், உங்கள் குடித்தனக்காரர் இன்னும் சான்றிதழ் நிலையில் இருந்தால் உபயோகப்படும். அகதியிடம் சாட்சி, ஆவணம் எதுவும் இருக்காது, அவர் சொல்லும் கதை ஒன்றுதான் சாட்சி. அதனால் தேதி முன்பின் முரணாக இருந்தால் மொத்தக் கதையும் ஆட்டம் காணும். என்னிடம் வந்த ஆப்கன்காரர் ஒருவரின் அப்பாவை ஆயுதக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனது ஒரு காகிதத்தில் 2016 என்றும் இன்னொன்றில் 2017 என்றும் இருந்தது. நேரில் கேட்டால் "1395, தல்வு மாதம்" என்கிறார், அசையவே மாட்டேன் என்கிறார். ஆப்கன் நாட்காட்டி சூரியக் கணக்கு, வருடம் பிறப்பது மார்ச் 21 வாக்கில். 621ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அவரே ஒரு தடவை கூட்டி 2016 என்று எழுதியிருக்கிறார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை 622ஐக் கூட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் தல்வு என்றால் என்ன என்று கேட்டேன். தண்ணீர் இறைக்கும் வாளி, ராசி பெயர் என்றார். கும்பம்! அவர்கள் மாதங்கள் எல்லாம் ராசி மாதங்கள், ஹமல் என்றால் மேஷம், அசத் என்றால் சிம்மம். நம் மாசி மாதிரிதான். நம் ஊர்க் கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள், சித்திரையில் பிறந்த வருடத்தின் மாசி என்பார்கள், இங்கிலீஷ் காலண்டரில் அது அடுத்த வருடம் ஆகிவிடும். அதை ஒரு பக்கத்தில் படம் போட்டு விளக்கி மனுவோடு இணைத்தேன். அதற்குள் அந்த மனிதர் எட்டு மாதம் தூங்கவில்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தாலும் சந்தேகப்படாதீர்கள், பிறந்த நாள் தெரியாத ஆப்கன்காரர்கள் நிறையப் பேருக்கு ஜனவரி 1தான்.

வெளிநாடு போய்விடலாமே என்றால், உலகத்து அகதிகளில் ஒரு வருடத்தில் மூன்றாவது நாட்டில் குடியமர்த்தப்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. அமெரிக்கா 2025 ஜனவரியில் அகதிகளைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தது, டெல்லியில் பெட்டி கட்டி வைத்திருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். வேறு நாடு விசா கொடுத்தாலும் இங்கிருந்து கிளம்ப எஃப்.ஆர்.ஆர்.ஓ.வின் வெளியேறும் அனுமதி வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். வீட்டுக்காரராக உங்கள் கடமை தெளிவானது. வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், ஹோட்டல்காரர்கள் சி படிவம் என்று சொல்வார்களே அது, தனி வீட்டுக்கும் பொருந்தும். கூடவே டெல்லி போலீசின் குடித்தனக்காரர் சரிபார்ப்பு. நான்கு வருடமாக நீங்கள் இரண்டையும் செய்யவில்லை என்று உங்கள் கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. இப்போதாவது செய்யுங்கள். ஆன்லைன் படிவத்தில் விசா விவரம் கேட்கும் இடத்தில் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். பழைய விசாவின் விவரத்தையே போடுங்கள், காலாவதி என்பதையும் மறைக்காதீர்கள். அதோடு ஒரு கடிதம் எழுதி, பாஸ்போர்ட், பழைய விசா, ஐ.நா. அட்டை மூன்றின் நகலையும் வைத்து, காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீது. அசல் அட்டையை வாங்கி உங்கள் பீரோவில் வைக்க வேண்டாம், அது எப்போதும் அவர்கள் பையில் இருக்க வேண்டும். வாடகையை ரொக்கமாக வாங்கினாலும் ரசீது கொடுங்கள். ஒளித்துவைப்பது ஒன்று, போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு வைத்திருப்பது வேறு. முதலாவதை உடந்தை என்பார்கள். இரண்டாவதில் முத்திரை போட்ட அந்த நகல் உங்களுக்காகப் பேசும்.

நீங்கள் தெரிவிப்பதால் அவர்களுக்குத் தொல்லை வருமா? வரலாம். நோட்டீஸ் வரலாம், கூப்பிட்டு விசாரிக்கலாம். அதனால் அவர்களுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். மாடி ஏறிப் போய் உட்கார்ந்து, இப்படிச் செய்யப் போகிறேன், நீங்களும் அதற்கு முன் நீண்ட கால விசாவுக்கு விண்ணப்பம் போட்டு அதன் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். வசந்த் விஹார் அலுவலகத்திலும் தகவல் சொல்லச் சொல்லுங்கள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி வெளிநாட்டவருக்கும் உண்டு, எதிரி நாட்டவருக்கு மட்டும் கிடையாது, ஆப்கானிஸ்தான் எதிரி நாடு இல்லை. இலவசச் சட்ட உதவியும் அப்படித்தான்: பெண், குழந்தை, காவலில் இருப்பவர் என்றால் யாராக இருந்தாலும் உண்டு, குடியுரிமை கேட்க மாட்டார்கள். டெல்லி மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 1516, எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியேற்றும் முன் வைக்கும் இடம் லாம்பூரில் இருக்கிறது, அங்கே போய்விட்டால் வெளியே எடுப்பது ரொம்பக் கஷ்டம், அதனால் முதல் நாளே வக்கீலைப் பிடிப்பது முக்கியம்.

காலி பண்ணச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா என்றால், ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்துச் சொல்லலாம், யாரும் தடுக்க முடியாது. புதுச் சட்டத்துக்குப் பயந்துதான் சொல்கிறீர்கள் என்றால் அதற்கு அவசியம் இல்லை. அட்டையின் கீழே காலாவதித் தேதி சின்ன எழுத்தில் இருக்கும், இன்று சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். இன்னும் மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால் வேறு சில வேலைகளை முதலில் செய்ய வேண்டும், அதைத் தனியாகச் சொல்கிறேன். அவர்கள் பெயரையோ அட்டை எண்ணையோ மட்டும் பொதுவில் போட்டுவிடாதீர்கள்.